கடல் கடந்த கிரேக்கர்



சில மாதங்களுக்கு முன்பு, வரலாறு பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா விடுத்தார். "ஐயா, சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், அலெக்சாந்தர் என்று கிரேக்கரைப் பற்றி விரிவாகப் படிக்கிறோம். அதன் பின்பு எங்கள் பாடநூலில் அவர்கள் பெயரையே காணோம். கிரேக்கர் கதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

வினா நியாயமானதே. ஏதென்ஸ் நகரத்துக் குன்றின்மேல் நிற்கும் பார்த்தெனான் கோயிலின் படத்தைப் பார்ப்போர்க்கு, தூண்களை மட்டும் விட்டுவிட்டு அவற்றைக் கட்டிய மக்கள் மறைந்து போயினர் என்றே தோன்றும். ஆனால், கிரேக்கரின் விடுதலைத் திருநாள் மார்ச் 25. அந்நாளையொட்டி ஆண்டுதோறும் நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூ வழியே ஒரு பெரிய அணிவகுப்பு செல்லும். நீலமும் வெள்ளையும் கலந்த கொடிகளை ஏந்திச் சிறுவரும் சிறுமியரும் நடப்பர். மடிப்பு மடிப்பான வெள்ளைப் பாவாடை அணிந்த வீரர் முன்னே செல்வர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரிலும் அந்நாளை அவ்வாறே கொண்டாடுவர். அங்கே நடக்கும் சிறுவருள் பலர் கிரேக்க நாட்டில் பிறந்தவர் அல்லர். அவர்தம் தாத்தாவோ பாட்டியோ ஒரு காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். முடிந்துபோன கதையை எவரும் இவ்வாறு கொண்டாடுவதில்லை அன்றோ?

ஆகவே, அந்த மாணவர்க்கு நான் கூறிய விடையை இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன். கிரேக்கர் கதையை ஏதென்ஸ் நகரில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மற்றப் பாதி கடலுக்கு அப்பால் இருக்கிறது.

கடல் கடத்தல் கிரேக்கர்க்குப் புதியதன்று. கிரேக்க நிலம் மலைகள் மிகுந்தது, விளைநிலம் குறைந்தது. மக்கள் பெருகியபோது ஊரில் ஒரு பகுதியினர் கப்பலேறிப் புதிய கரைகளில் குடியேறினர். கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்தார் சிசிலித் தீவில் சிராக்கூஸ் நகரை அமைத்தனர். கி.மு. 600 அளவில், இன்றைய துருக்கிக் கடற்கரையில் இருந்த போக்கேயா என்னும் ஊரார், இன்றைய பிரான்சு நாட்டில் மாசாலியா என்ற நகரை நிறுவினர். அந்த மாசாலியாவே இன்றைய மார்செய்ல். நாம் இயற்பியல் நூலில் போற்றிப் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும் கிரேக்கத் தாயகத்தில் அன்று. குடியேறியவர் அமைத்த அந்தச் சிராக்கூஸ் நகரில்தான்.

இவ்வாறு புறப்பட்டோரிடம் ஓர் அழகிய வழக்கம் இருந்தது. தாய்நகரின் பொது அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துச் சென்று, அதைக் கொண்டே புதிய நகரின் அடுப்பை மூட்டுவர். ஊர் வேறு, மண் வேறு. நெருப்பு மட்டும் அதே நெருப்பு. இந்த வழக்கத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் மீண்டும் இதனிடம் வருவேன்.

கிரேக்கக் கலங்கள் நம் நாட்டுக் கரைக்கும் வந்தன. யவனர் என்று நம் முன்னோர் வழங்கிய சொல், அயோனியர் என்னும் கிரேக்கப் பெயரின் வழியே வந்தது. பின்னர் மேல்திசை வணிகர் அனைவரையும் குறிப்பதாயிற்று. யவனரின் கப்பல்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. அதற்கு ஒரு சான்று மறுகரையிலும் கிடைத்திருக்கிறது. சேரரின் முசிறித் துறைமுகத்தோடு நடந்த வாணிகத்தைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஒப்பந்தம் ஒன்று எகிப்திய நாணற்றாளில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அதன் மொழி கிரேக்கம். எகிப்து நாட்டில் வாழ்ந்த கிரேக்க மொழியினர் நடத்திய வாணிகம் அது.

இனி, பாடநூல் விட்டுச் சென்ற காலத்திற்கு வருவோம்.

1453-ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் உதுமானியத் துருக்கியர் வசமாயிற்று. அதன்பின் கிரேக்கருள் மிகப் பெரும்பாலோர் பல தலைமுறை அப்பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டு வாழ்ந்தனர். அரசு இல்லை, கொடி இல்லை. எனினும் மொழி இருந்தது, சமயம் இருந்தது, வாணிகத் திறமை இருந்தது. கிரேக்க வணிகர் வெனிஸ், திரியெஸ்தே, வியன்னா, ஒடெஸா முதலிய நகரங்களில் குடியேறினர். சென்ற இடத்தில் முதலில் ஒரு கோயில் எழுப்பினர். அடுத்து ஒரு பள்ளிக்கூடம் திறந்தனர். வெனிஸ் நகரத்து அச்சகங்கள் கிரேக்க நூல்களை அச்சிட்டுத் தாயகத்திற்கு அனுப்பின. வியன்னாவில் 1790-ஆம் ஆண்டு கிரேக்க மொழியில் ஒரு செய்தித்தாள் வெளிவரத் தொடங்கியது. தாயகத்தில் செய்ய இயலாததை வெளிநாட்டில் இருந்தோர் செய்தனர்.

அவர்களுள் இருவரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். ஒருவர் ரீகாஸ். அவர் 1797-ஆம் ஆண்டு வியன்னாவில் கிரேக்க நிலத்தின் பெரும் படம் ஒன்றை அச்சிட்டார். உரிமை முழக்கும் பாடல்களையும் அறிக்கைகளையும் எழுதினார். ஆஸ்திரிய அரசு அவரைப் பிடித்துத் துருக்கியரிடம் ஒப்படைத்தது. 1798-இல் பெல்கிரேடு நகரில் அவர் உயிர் பறிக்கப்பட்டது.

மற்றொருவர் அதமாந்தியோஸ் கொராயிஸ். 1748-இல் ஸ்மர்னா நகரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் வாணிகம் செய்து பார்த்தார், மனம் ஒட்டவில்லை. பின்னர் மோன்பெலியேயில் மருத்துவம் பயின்றார். 1788-இல் பாரிஸ் சென்றார்; அடுத்த ஆண்டே அங்கு வெடித்த புரட்சியைக் கண்ணாரக் கண்டார். தம் நாட்டு விடுதலைக்கு அவர் வாளை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார். பழைய கிரேக்க நூல்களை ஒவ்வொன்றாகப் பிழை நீக்கி, எளிய முன்னுரை எழுதிப் பதிப்பித்தார். அறிவு பெறாத மக்கள் பெறும் விடுதலை நிலைக்காது, ஆதலால் கல்வி முந்த வேண்டும் என்பது அவருடைய கருத்து. பழந்தமிழ் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரியோரை நினைவில் வைத்திருக்கும் நமக்கு, கொராயிசின் உழைப்பு எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1833-இல் பாரிஸ் நகரிலேயே அவர் இறந்தார். தாம் எண்ணிய நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை.

விடுதலை இயக்கமும் வெளிநாட்டில்தான் தோன்றியது. 1814-ஆம் ஆண்டு கருங்கடற்கரையில் உள்ள ஒடெஸா நகரில் ஸ்கூபாஸ், க்ஸாந்தோஸ், சகாலோப் என்னும் மூவர் கூடி ஒரு மறைமுகச் சங்கத்தைத் தொடங்கினர். அதற்கு 'நண்பர் கழகம்' என்று பெயர். மூவரும் மன்னர் அல்லர், படைத்தலைவரும் அல்லர், வாணிகத் தொழிலோடு தொடர்புடையவர்கள். ஏழு ஆண்டுகளில் அச்சங்கத்தின் கிளைகள் தாயகமெங்கும் பரவின. 1821-இல் புரட்சி எழுந்தது. இன்னல்கள் பல. 1822-இல் கியோஸ் தீவில் ஆயிரமாயிரம் மக்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். எனினும் போர் ஓயவில்லை. 1830-இல் வல்லரசுகள் கிரேக்கத்தைத் தனியுரிமை நாடாக ஒப்புக்கொண்டன.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரு நாடு இருக்கும். அதிலிருந்து மக்கள் வெளியே செல்வர் என்பதுதான் நாம் அறிந்த வரிசை. கிரேக்கர் வரலாற்றில் அது தலைகீழாயிற்று. வெளியே சென்றவர்கள் முதலில் இருந்தார்கள். அவர்கள் கூடி முயன்ற பின்னரே நாடு பிறந்தது.

பிறந்த நாடோ வறியது. பள்ளியில்லை, நூலகமில்லை, கருவூலத்தில் காசும் இல்லை. அப்போதும் கடல் கடந்தவர்களே கைகொடுத்தனர். கிரேக்கர் இவர்களை 'நாட்டின் புரவலர்' என்று இன்றும் போற்றுகின்றனர். மெத்ஸோவோ என்னும் மலையூரில் பிறந்து எகிப்து நாட்டில் பெருஞ்செல்வரானவர் ஜார்ஜ் அவெரோப். 1896-இல் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு மீண்டும் தொடங்கியபோது, பழைய விளையாட்டரங்கைச் சலவைக் கல்லால் புதுப்பிக்கப் பணம் தந்தவர் அவரே. ஏதென்ஸ் நகரத்துப் பொறியியல் பல்கலைக் கழகம் இன்றும் மெத்ஸோவோ ஊரின் பெயரைத் தாங்குகிறது. அவரும் அவ்வூரில் பிறந்த பிறரும் வழங்கிய பொருளால் அது வளர்ந்தது. அவர்க்கு முன்பே ருமேனியாவில் பொருள் ஈட்டிய எவாங்கெலோஸ் ஸப்பாஸ் என்பார் 1859-இல் ஏதென்ஸில் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தப் பொருள் தந்தார். நாட்டு நூலகத்தின் கட்டடம், கருங்கடற் கரையிலும் இலண்டனிலும் தானிய வாணிகம் செய்த வல்லியானோஸ் சகோதரரின் கொடை. ஏதென்ஸ் அறிவுக் கழகத்தின் மாளிகை வியன்னாவில் வாழ்ந்த சினாஸ் குடும்பத்தின் கொடை.

கொடை என்றால் பொருள் மட்டுமா? அறிவையும் கொடுத்தார்கள். அதற்குச் சான்றான ஒருவர் நம் பாரத நாட்டில் வாழ்ந்தவர். திமித்ரியோஸ் கலானோஸ் என்பவர் 1760-இல் ஏதென்ஸ் நகரில் பிறந்தார். கல்கத்தாவில் வாணிகம் செய்துவந்த கிரேக்கர் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினர். அதன் பொருட்டு 1786-இல் அவர் கல்கத்தா வந்தார். சில ஆண்டுகள் கற்பித்தபின் காசி நகரம் சென்றார். அங்கே வடமொழி கற்றார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்நகரிலேயே வாழ்ந்தார். பகவத் கீதையையும் பர்த்ருஹரியின் நீதிப் பாடல்களையும் கிரேக்க மொழியில் பெயர்த்தார். 1833-இல் காசியிலேயே காலமானார். அவருடைய மொழிபெயர்ப்புகள் பின்னர் ஏதென்ஸில் அச்சாயின. பிள்ளைகளுக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர் கிரேக்கர்க்குக் கீதையைச் சொல்லிக்கொடுத்தார்.

இதுவரை நான் கூறியவர்கள் செல்வரும் அறிஞரும் ஆவர். புலம் பெயர்ந்தோரில் மிகப் பலர் அத்தகையர் அல்லர். அவர்கள் ஏழை உழவர். அவர்கள் ஏன் புறப்பட்டனர் என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று.

தென் கிரேக்கத்தில் கொரிந்துத் திராட்சை என்னும் சிறு திராட்சை பயிராகும். அதை உலர்த்தி ஏற்றுமதி செய்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுத் திராட்சைக் கொடிகளை வேரைத் தாக்கும் ஒரு பூச்சி அழித்தது. மது வடிக்கப் பழம் கிடைக்காத பிரெஞ்சுக்காரர் கிரேக்கரின் உலர்ந்த திராட்சையை மிகுதியாக வாங்கினர். விலை ஏறியது. கிரேக்க உழவர் ஒலிவ மரங்களைக்கூட வெட்டிவிட்டுத் திராட்சை நட்டனர், கடனும் வாங்கினர். பின்னர் பிரான்சின் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன. 1892-இல் அந்நாடு இறக்குமதி வரியை உயர்த்தியது. 1893-இல் திராட்சை விலை வீழ்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிரேக்க அரசே கடனைத் தீர்க்க இயலாது என்று அறிவித்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு பூச்சி வந்ததும் போனதும், மற்றொரு நாட்டில் சிற்றூர்களைக் காலி செய்தன. ஒரே பயிரை நம்பிய உழவனின் துன்பம் எந்நாட்டிலும் ஒன்றே.

1901 முதல் 1920 வரை ஏறக்குறைய மூன்றரை இலட்சம் கிரேக்கர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றனர். பெரும்பாலோர் இளைஞர். தங்கைக்குச் சீர் சேர்க்க வேண்டும், தந்தையின் கடனைத் தீர்க்க வேண்டும் என்று புறப்பட்டோர் பலர். அயல்நாட்டு வாழ்வைக் கிரேக்க மொழியில் 'க்ஸெனிதியா' என்பர். அதைப் பற்றிய நாட்டுப் பாடல்கள் பல உண்டு. மகனை வழியனுப்பும் தாயின் துயரத்தை அவை சாவுத் துயரத்தோடு ஒப்பிடும்.

சென்ற இடத்தில் பூமாலை காத்திருக்கவில்லை. சிறுவர் பலர் தெருவில் காலணிக்கு மெருகிடும் தொழிலில் மாட்டிக்கொண்டனர். ஆளெடுத்து வந்த கங்காணி கூலியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்வான். இருப்புப் பாதை போடுதல், நூலாலை, நிலக்கரிச் சுரங்கம் ஆகியவற்றில் பிறர் உழைத்தனர். 1909-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நெப்ராஸ்கா மாநிலத்துத் தென் ஓமகா நகரில் ஒரு பெருங்கூட்டம் கிரேக்கர் குடியிருப்பைத் தாக்கித் தீயிட்டது. அங்கிருந்த கிரேக்கர் அனைவரும் ஊரைவிட்டு ஓடினர். 1924-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஆண்டுக்கு நூறு கிரேக்கரே அந்நாட்டில் குடியேறலாம் என்றாயிற்று.

இந்தக் காலத்தில் வாழ்ந்த ஓர் இளைஞனின் பெயரை நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். கிரீட் தீவில் பிறந்து அமெரிக்காவில் லூயி திகாஸ் என்று பெயர் வழங்கியவன் அவன். டென்வர் நகரில் ஒரு காப்பிக் கடை நடத்தினான். பின்னர் கொலராடோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் தலைவருள் ஒருவனானான். 1913-இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிறுவன வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர் லட்லோ என்னுமிடத்தில் கூடாரங்களில் தங்கினர். இருபதுக்கும் மேற்பட்ட மொழி பேசுவோர் அங்கே ஒன்றாக வாழ்ந்தனர். 1914 ஏப்ரல் 19 கிரேக்கரின் உயிர்த்தெழுதல் திருநாள். கூடாரங்களில் இருந்தோர் எல்லோரும் அதைக் கொண்டாடினர். மறுநாள் காலை மாநிலக் காவற்படை தாக்கியது. கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் பதுங்கியிருந்த இரு பெண்களும் பதினொரு குழந்தைகளும் புகையால் மூச்சடைத்து இறந்தனர். அன்று மாலை திகாசும் சுட்டுக் கொல்லப்பட்டான். தன் மொழி பேசாத தொழிலாளர்க்காகவும் சேர்ந்து போராடியவன் அவன். அமெரிக்கத் தொழிலாளர் உரிமை வரலாற்றில் அவனுக்கு ஓர் இடம் உண்டு.

லட்லோவில் சண்டை நடந்த காலத்தில், நியூயார்க் நகரில் ஒரு கிரேக்கத் தம்பதியர் வாழ வழி தேடிக்கொண்டிருந்தனர். கணவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவு, மனைவி ஆந்திரொமாக்கி. எவியாத் தீவின் கிமி என்னும் ஊரில் 1883-இல் பிறந்த அவர் ஏதென்ஸில் மருத்துவம் பயின்று, ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். பால்கன் போரில் மருத்துவராகப் பணியாற்றியபோது, தாய்நாட்டிற்காகப் போரிட அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்திருந்த கிரேக்கத் தொண்டர்களைச் சந்தித்தார். அவர்கள் கூறியவற்றைக் கேட்டு 1913-இல் மனைவியோடு நியூயார்க் சென்றார். ஆங்கிலம் தெரியாது, தெரிந்தவர் எவருமில்லை. இரு பட்டங்கள் பெற்ற அவர் கம்பளம் விற்றார். உணவு விடுதியில் வயலின் வாசித்தார். கிரேக்கச் செய்தித்தாள் ஒன்றில் எழுத்தராக இருந்தார். மனைவி ஒரு பெரிய கடையில் துணிகளுக்குப் பொத்தான் தைத்தார்.

அடுத்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே உடலிலிருந்து தாமாக உதிரும் உயிரணுக்களை உருப்பெருக்கியின் வழியே ஆராய்ந்தார். பெண்களின் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் தோன்றுமுன்பே அங்குள்ள உயிரணுக்கள் மாறுபடுவதையும், அவற்றைத் துடைத்தெடுத்துப் பார்த்தால் நோயை முன்கூட்டி அறியலாம் என்பதையும் கண்டார். ஆந்திரொமாக்கி பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் துணை நின்றதோடு, அந்த ஆராய்ச்சிக்குத் தம் உடலையே நாள்தோறும் உட்படுத்தினார். 1928-இல் அவர் தம் முடிவை வெளியிட்டபோது மருத்துவ உலகம் செவிசாய்க்கவில்லை. அவர் வருந்தி விட்டுவிடவில்லை. 1941-இலும் 1943-இலும் ஹெர்பர்ட் டிராட் என்ற மருத்துவரோடு சேர்ந்து மீண்டும் சான்றுகளோடு எழுதினார். அதன்பின் உலகம் ஏற்றது. அவர் பெயரின் முதற்பகுதியைக் கொண்டு 'பாப் சோதனை' என்று இன்றும் அதை வழங்குகிறோம். இச்சோதனையை முறையாக நடத்திய நாடுகளில் அந்நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. இன்று வைரசைக் கண்டறியும் புதிய சோதனையும் தடுப்பூசியும் வந்துள்ளன. எனினும் வழி திறந்தது அவருடைய சோதனையே. 1962-இல் அவர் காலமானார். நம் ஊர் மருத்துவமனையில் ஒரு தாய் இச்சோதனையால் பிழைக்கிறாள் என்றால், கம்பளம் விற்ற கிரேக்கருக்கும் பொத்தான் தைத்த அவர் மனைவிக்கும் நாமும் கடன்பட்டிருக்கிறோம்.

கிரேக்கர் விரும்பிச் சென்றதும் உண்டு. விரட்டப்பட்டுச் சென்றதும் உண்டு. கொராயிஸ் பிறந்த ஸ்மர்னா நகரை மீண்டும் நினையுங்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் கிரேக்கப் படை அங்கே இறங்கியது. தொடர்ந்த போரில் இருதரப்பு மக்களும் கொடுமைக்கு ஆளாயினர். 1922 செப்டம்பரில் துருக்கியப் படை நகரை மீட்டது; நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1923-இல் லோசான் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொண்டன. ஏறத்தாழ பன்னிரண்டு இலட்சம் கிறித்தவர் கிரேக்கத்திற்கு வந்தனர். மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இசுலாமியர் துருக்கிக்குச் சென்றனர். இரு சாராரும் பிறந்த ஊரை இழந்தனர்.

அந்த ஸ்மர்னாவில் ஒரு புதிய பல்கலைக் கழகத்தை அமைக்கும் பொறுப்பைக் கணித மேதை கான்ஸ்டன்டீன் கரத்தியோதோரி ஏற்றிருந்தார். பெர்லினில் கிரேக்கப் பெற்றோர்க்குப் பிறந்தவர் அவர். 1916-இல் ஐன்ஸ்டைன் கடித வாயிலாகக் கணித விளக்கம் கேட்டது இவரிடம்தான். ஜெர்மனியில் பெற்றிருந்த உயர்ந்த பதவியை விட்டு அவர் வந்திருந்தார். பல்கலைக் கழகம் திறக்கப்படவேயில்லை. நகரம் வீழ்ந்த நேரத்தில் அவர் அதன் நூல்களைக் காத்து ஏதென்ஸுக்குச் சேர்ப்பித்தார். உயிரைக் காக்க எல்லோரும் ஓடிய வேளையில் புத்தகங்களைக் காக்க ஒருவர் நின்றார் என்பதை மாணவர்களாகிய நீங்கள் மறத்தலாகாது.

அதே செப்டம்பரில் அந்நகரிலிருந்து பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பெற்றோரோடு கப்பலேறினான். தந்தை கிரேக்கர், பிரிட்டிஷ் குடியுரிமை உடையவர். மால்டாத் தீவை அடைந்தபின் தந்தை இறந்தார். தாயும் மகனும் இலண்டன் சேர்ந்தனர். அம்மகன் பொறியியல் படித்தான். கணிதத் தேர்வில் மும்முறை தவறினான். ஆனால் அவன் கைக்கு வரைபடம் பணிந்தது. அவர்தான் அலெக் இஸ்ஸிகோனிஸ். 1956-இல் சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது சிக்கனமான சிறு கார் தேவைப்பட்டது. எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, முன் சக்கரங்களே வண்டியை இழுக்குமாறு அமைத்து, 1959-இல் 'மினி' காரை அவர் உருவாக்கினார். ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மினிகள் விற்றன. இன்று நம் தெருக்களில் ஓடும் சிறு கார்கள் பலவற்றின் எஞ்சின் அமைப்பும் அவ்வழியைப் பின்பற்றியதே. கணிதத்தில் தலைசிறந்த ஒருவரும் கணிதத்தில் தவறிய ஒருவரும் ஒரே நகரின் அழிவிலிருந்து தப்பி உலகிற்குப் பயன்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரும் அதன்பின் நேர்ந்த உள்நாட்டுப் போரும் மீண்டும் மக்களை வெளியேற்றின. 1952-இல் ஆஸ்திரேலியாவோடும் 1960-இல் மேற்கு ஜெர்மனியோடும் உடன்பாடுகள் ஏற்பட்டன. 1950-களின் நடுவிலிருந்து இருபது ஆண்டுகளில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்றனர். மெல்போர்னில் கார்த் தொழிற்சாலையிலும் உணவுக் கடையிலும் உழைத்தவர், தம் பிள்ளைகளை மாலையிலும் சனிக்கிழமையிலும் கிரேக்கப் பள்ளிக்கு அனுப்பினர். விளையாடப் போன நண்பரைப் பார்த்து ஏங்கிக்கொண்டே அப்பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். அவர்களுள் பலர் இன்று மருத்துவராகவும் நீதிபதியாகவும் சட்டமன்றத்தினராகவும் விளங்குகின்றனர்.

கதை இன்னும் ஓயவில்லை. 2010-ஐ ஒட்டி எழுந்த கடன் நெருக்கடியில் இலட்சக்கணக்கான கிரேக்கர் மீண்டும் வெளியேறினர். இம்முறை சென்றோருள் பட்டம் பெற்ற மருத்துவரும் பொறியாளரும் மிகப் பலர். வளர்த்த நாட்டுக்கு இது இழப்புத்தான். இதைப் பெருமை என்று சொல்லி மறைக்க இயலாது. பழைய பாடலில் அழுத தாய்மார் இன்றும் இருக்கின்றனர்.

நண்பர்களே, கிரேக்க மொழியில் 'க்ஸெனோஸ்' என்று ஒரு சொல் உண்டு. அயலான் என்பது அதன் பொருள். பழங்காலத்தில் விருந்தினன் என்பதும் அதன் பொருளே. நம் மொழியிலும் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். அயலானை விருந்தினனாகக் காண்பதா, தென் ஓமகாவில் கண்டதுபோல் பகைவனாகக் காண்பதா என்பது எந்நாட்டு மக்களும் எக்காலத்தும் எதிர்ப்படும் கேள்வி. விரட்டிய ஊர்கள் என்ன பெற்றன என்று நான் அறியேன். இடம் கொடுத்த ஊர்கள் பாப் சோதனையைப் பெற்றன, மினியைப் பெற்றன, நல்ல பள்ளிகளைப் பெற்றன.

இனி, அந்த அடுப்பு நெருப்பிற்கு வருகிறேன். பிற்காலத்துக் கிரேக்கர் கப்பலேறியபோது எவரும் தணலைச் சுமந்து செல்லவில்லை. ஆனால் கல்கத்தா வணிகர் தம் பிள்ளைகளுக்கு ஆசிரியரைத் தேடினர். பாரிஸில் ஒருவர் பழைய நூல்களைப் பதிப்பித்தார். எரியும் நகரில் ஒருவர் புத்தகங்களைக் காத்தார். மெல்போர்னில் தொழிலாளி சனிக்கிழமைப் பள்ளிக்குச் சந்தா கட்டினார். நெருப்பைக் கொண்டுசெல்லுதல் என்பது இதுவே. 'எங்கள் முன்னோர் பிளேட்டோ' என்று சொல்லிக்கொண்டு வாளாவிருந்தவர் எவரும் இவர்களுள் இல்லை. அவர்கள் பழம்பெருமையைப் படித்தனர். படித்தபின் தம் வேலையைச் செய்தனர். தாய்நாட்டிற்குப் பள்ளி கட்டினர். வந்த நாட்டில் சுரங்கம் தோண்டினர். உலகத்திற்கு மருந்தும் அறிவும் தந்தனர்.

இதுவே அந்த மாணவர்க்கு நான் கூறிய விடை. அவர் சற்று நேரம் எண்ணிவிட்டு, "அப்படியானால் பாடநூலில் மீதிக் கதையை யார் எழுதுவது, ஐயா?" என்றார். "படித்துவிட்டு நீங்களே எழுதுங்கள்" என்றேன். உங்களுக்கும் அதையே சொல்லி விடைபெறுகிறேன்.